பதினேழரையாம் நாள்

பாம்பன் துறைமுகக் கம்பத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏறியிருக்கிறது.
கூண்டுக்குக் காற்று தெரியாது.
படகுக்குக் கூண்டு தெரியாது.
இடையில் ஒருவன் அண்ணாந்து பார்க்கிறான்,
சங்கத்து லியோன்.
பார்த்துவிட்டுக் கோயில் மைக்கில் சொல்கிறான்.
அதன் பிறகுதான் நங்கூரங்கள் இறங்குகின்றன.

எலிக்குள்ளும் அப்படித்தான் என்றேன்.
அப்பா மூத்திரப்பையின் அளவுக்கோட்டை
ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எந்த எலி?"

என் எலி.
கருவாகிப் பதினேழரை நாள்.
கடுகைப் போல ஒரு துண்டு, அதற்குள் ஒரு குழாய்.
நேற்று முன்தினம் வரை
ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே குழாய்.
பிறகு விரையிலிருந்து ஆண்ட்ரோஜன் வருகிறது,
வந்து, குழாயின் உள்சுவரோடு
ஒரு வார்த்தை பேசுவதில்லை.
சுற்றித் தளர்ந்து கிடக்கும் திசுதான்
அதைக் கேட்டுத் தன் பாஷையில் மாற்றிச் சொல்கிறது.
எஃப்ஜிஎஃப் பத்து: கிளம்பு.
பிஎம்பி நான்கு: போதும், நில்.
உள்சுவர் மொட்டு விடுகிறது.
சும்மா கேட்டுக்கொண்டும் இருப்பதில்லை அது,
முள்ளெலியின் பெயர் வைத்த மூலக்கூறு ஒன்றை
வெளியே அனுப்பி
எதிர்ப்பேச்சு பேசுகிறது.

ஏற்பி இல்லாத எலிகளையும் பார்த்திருக்கிறேன்.
ஆண்ட்ரோஜன் ததும்புகிறது.
கேட்க ஆளில்லை.
குழாய் வழவழவென்று அப்படியே இருக்கிறது,
லியோன் ஊரில் இல்லாத நாள் மாதிரி.

இன்னொன்று, அப்பா:
சிறுநீர்ப்பையின் உள்ளுறையை உரித்து
இந்தத் திசுவை அதன் மேல் போர்த்தி வைத்தால்
சில வாரத்தில் அதுவும் புராஸ்டேட் ஆகிவிடுகிறது.
பிறந்த இடம் பாதி,
பக்கத்து வீடு பாதி.

"எலிக்கும் இப்படி அடைச்சுக்குமா?"

அடைக்காது.
அதற்கு இதழ் இதழாகத் தள்ளி நிற்கும்.
உங்களுக்குத்தான் குழாயைச் சுற்றி இறுக்குகிறது.

"குடுத்து வெச்ச எலி," என்றார் சிங்கராயர்,
நாற்பத்தோரு வருஷம் வல்லம் ஓட்டியவர்,
இப்போது படுக்கையிலிருந்து கழிவறைக்கு
ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு
கரையேறுகிறவர்.

வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்,
நடுவில் ஒரு முழம் மணலில் எங்கள் தெரு.
வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள்.
இப்போது வந்து பார்க்க வேண்டும்.
வாடை ஏறிய கார்த்திகையில்
பெண்கடல் பாலத்துத் தூணை அறைகிறது,
ஆண்கடல் பாய் விரித்தது போலக் கிடக்கிறது.
கருப்பைக்குள்ளும் ஒரு வரிசை உண்டு.
இரண்டு ஆண் கருக்களுக்கு நடுவே
இடம் கிடைத்த பெண் எலிக்குச் சில சமயம்
ஒன்றிரண்டு மொட்டுகள் முளைத்திருக்கும்.
கசிந்ததை அது கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.
முதல் முறை பார்த்தபோது
சாயம் போட்டதில் பிழையென்று
கண்ணாடித் தகட்டைத் தூக்கி எறிந்தேன்.

அப்பாவிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது.
கருவில் பேசி முடித்து மறந்துபோன சொற்களை
முதுமையில் அந்தத் திசு
மறுபடி முணுமுணுக்கத் தொடங்குகிறது என்று
ஒரு கருதுகோள்.
கிளம்பு என்கிற சொல் மட்டும் ஞாபகம் வருகிறதாம்,
நில் என்பது வருவதில்லை.
அறுபத்தெட்டு வயதில்
அவருக்குள் எங்கோ பதினேழரையாம் நாள்.
நிரூபணம் இல்லை. நானும் நிரூபிக்கவில்லை.

இரவு பத்து மணிக்கு மைக் கரகரத்தது.
கூண்டு இறங்கவில்லை, டோக்கன் கிடையாது,
நாளைக்கும் யாரும் போக வேண்டாம்.
அப்பா தலையணைக்கடியிலிருந்து
என் ஆய்வு நோட்டை எடுத்தார்.
அவரிடம் அது எப்படிப் போனதென்று தெரியவில்லை.
எலி எண், வயது, மொட்டுகள் என்று
நான் கோடு போட்டு வைத்திருந்த பக்கத்தின்
கடைசிக் கட்டத்தில்
வலது சாய்ந்த கையெழுத்தில்
முந்நூற்று இருபது மில்லி என்று எழுதி,
கொஞ்சம் யோசித்து,
பக்கத்தில் போட்டார்:
வாடை.